சம்பளமாகத் தரப்படும் மரியாதை

உக்ரைன் தலைநகர் கீவின் மையத்தில், மைதான் சதுக்கத்துக்குப் பக்கத்தில், 2015-ல் ஒரு பீட்சா கடை திறக்கப்பட்டது. பெயர் ‘வெட்டரானோ பீட்சா’. உள்ளே நுழைபவர் முதலில் பார்த்தது சுவரில் ஒட்டியிருந்த படைப்பிரிவுகளின் துணிச் சின்னங்களை. உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது மேசைக் கண்ணாடிக்கு அடியில் பரப்பியிருந்த தோட்டாக்கள். பீட்சா தட்டு அந்தக் கண்ணாடி மேல்தான் வந்து அமரும். பீட்சாவைச் சுட்டவர்களிலும் கொண்டுவந்து வைத்தவர்களிலும் பலர் கிழக்கு உக்ரைனின் போர்முனையிலிருந்து திரும்பியவர்கள்.

கடையைத் தொடங்கிய லியோனிட் ஒஸ்தால்ட்செவும் அப்படித் திரும்பியவர்தான். போருக்கு முன்பே அவர் பீட்சா சமையல்காரர். 2014-ல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்துக்கொண்டு, கிழக்கே தொன்பாஸ் பகுதியில் சண்டை மூண்டபோது அவர் படைக்குப் போனார். திரும்பி வந்ததும் தெரிந்த தொழிலுக்கே வந்தார். தன்னைப் போன்ற முன்னாள் வீரர்களுக்கு அங்கே வேலை தருவது என்று முடிவெடுத்தார். முன்அனுபவம் இல்லாதவர்களும் வேலை கற்றுக்கொண்டார்கள்.

2015-ல் இப்படியொரு கடை ஏன் தேவைப்பட்டது என்று புரிய, அன்றைய உக்ரைனைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2014-ல் போருக்குப் போனவர்களில் பெரும் பகுதியினர் தொழில்முறை ராணுவத்தினர் இல்லை. ஓட்டுநர், ஆசிரியர், மின்பணியாளர், கடைக்காரர் என்று ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களே அணியணியாக அழைக்கப்பட்டார்கள். சிலர் தாமாகவே போனார்கள். ஏறக்குறைய ஓராண்டு போர்முனையில் இருந்துவிட்டு அவர்கள் திரும்பியபோது, அவர்களை வரவேற்க அரசிடம் பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. முன்னாள் வீரர்களுக்கென்று தனி அமைச்சகம் 2018 கடைசியில்தான் வந்தது. படைக்குப் போனவரின் பழைய வேலையைக் காக்கச் சட்டம் இருந்தது. ஆனால் வேலை கொடுத்த சிறு நிறுவனமே மூடிப்போயிருந்தால் சட்டம் என்ன செய்யும்? புதிதாக வேலை கேட்டுப் போனால் முதலாளிகளுக்குத் தயக்கம். திடீரென்று கோபப்படுவாரோ, குடிப்பாரோ, மறுபடியும் ராணுவம் கூப்பிட்டால் போய்விடுவாரோ என்ற பயம். பாராட்டுக் கூட்டத்தில் மாலை போட்ட ஊர், திங்கட்கிழமை வேலை தரத் தயங்கியது.

போரிலிருந்து வந்தவருக்குப் பெரும்பாலும் உடனே தேவைப்படுவது காலையில் எழுந்து போக ஓர் இடமும், போனால் தன்னைப் புரிந்துகொள்ள ஓர் ஆளும்தான். சமையலறை இரண்டையும் தரக்கூடியது. பீட்சா மாவை முன்கூட்டியே பிசைந்து, உருண்டை பிடித்து, குளிர்பெட்டியில் ஊறவிட வேண்டும். மறுநாள் கடை திறந்தபின் ஒருவர் மாவை விரிப்பார், ஒருவர் சாஸ் தடவிச் சீஸ் தூவுவார், ஒருவர் அடுப்பைப் பார்ப்பார். நாப்பொலி முறைப்படி விறகு அடுப்பில் சுட்டால் வெப்பம் 430 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். கவனம் பிசகினால் கருகும். யாருக்கு எந்த இடம், யார் சொன்னால் யார் கேட்பது என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். படையில் இருந்தவருக்கு இந்த ஒழுங்கு பழக்கமானது. பக்கத்தில் நிற்பவரும் அதே போரைப் பார்த்தவர் என்பது அதைவிடப் பெரிய ஆறுதல். கீழே விழுந்த தட்டின் சத்தத்துக்கு ஒருவர் உறைந்து நின்றால், ஏன் என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை.

சாப்பிட வருபவருக்கும் இதில் பங்கு உண்டு. அவர் நன்கொடை தருவதில்லை. தின்ற பீட்சாவுக்குக் காசு தருகிறார். எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது மதிப்பு வருவது இதனால்தான். உண்டியலில் போடும் பணம் கொடுப்பவரை உயர்த்தி வாங்குபவரைத் தாழ்த்திவிடும். இங்கே இருவரும் சமம். அனுதாபத்தால் ஒருமுறை வந்தவர் பீட்சா நன்றாக இல்லாவிட்டால் மறுமுறை வரமாட்டார் என்பது அடுப்பருகே நிற்பவருக்கும் தெரியும். தோட்டாக்களை மேசை அலங்காரமாக வைப்பது எனக்கு உறுத்துகிறது. போரை வேடிக்கைப் பொருளாக்கிவிடுமோ என்ற அச்சம் வருகிறது. ஆனால் அதை வைத்தவர்கள் அந்தச் சண்டையில் நின்றவர்கள். முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது.

அமெரிக்காவில் பீட்சாவும் ராணுவமும் வேறு வகையில் சேர்ந்தன. அங்கே நவம்பர் 11 முன்னாள் வீரர் தினம். அன்று பல சங்கிலி உணவகங்கள் அவர்களுக்கு இலவசச் சாப்பாடு தருகின்றன. நல்ல காரியம், ஒரு நாளோடு முடிந்துவிடும். அதைத் தாண்டிப் போனது ‘லிட்டில் சீசர்ஸ்’. 1959-ல் மனைவி மரியனோடு சேர்ந்து அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மைக் இலிட்ச், இளமையில் கடற்படைக் காலாட்படையில் இருந்தவர். இராக்கில் இரண்டு கால்களையும் இழந்த ஒரு வீரரைப் பற்றிப் பத்திரிகையில் படித்து, அவரை அழைத்து, கென்டக்கி மாநிலத்தில் ஒரு கடையையே நடத்தக் கொடுத்தார். 2006-ல் அது ஒரு திட்டமானது. முன்னாள் வீரர்கள் கிளை தொடங்கினால் உரிமக் கட்டணத்தில் சலுகை, போரில் உடல் ஊனமுற்றவர்களுக்கு இன்னும் கூடுதல் சலுகை. ஊழியராக மட்டும் இல்லாமல் உரிமையாளராகவும் வீரர் ஆகலாம் என்பது இதன் சிறப்பு.

கீவ் கடையின் கதையும் ஒரே கிளையோடு நிற்கவில்லை. காபிக் கடைகள் வந்தன. தென்கிழக்கு உக்ரைன் நகரமான மரியுபோலிலும் அதே பெயரில் ஒரு பீட்சா கடை வந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா முழு அளவில் படையெடுத்ததும், கீவ் சமையலறை வாடிக்கையாளரை விட்டுவிட்டு வீரர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் சமைக்கத் தொடங்கியது. முன்பு போரைப் பார்த்துவிட்டு வந்த பலர் மறுபடியும் சீருடை அணிந்து கிளம்பினார்கள். அந்த ஆண்டு மே மாதம் மரியுபோல் முழுவதும் ரஷ்யப் படைகளின் கைக்குப் போனது.

2015-ல் வேலை தேடி நின்றவர்களைவிட இந்தப் போரிலிருந்து திரும்புகிறவர்கள் பல மடங்கு அதிகம். கண்ணிவெடியிலும் குண்டுவீச்சிலும் கை கால் இழந்தவர்கள் அவர்களில் ஏராளம். செயற்கைக் காலோடு ஒருவர் பத்து மணி நேரம் அடுப்பருகே நிற்பது கடினம். உட்கார்ந்து மாவு விரிக்கத் தாழ்வான மேடை வேண்டும், சக்கர நாற்காலி திரும்ப இடம் வேண்டும், சிகிச்சைக்குப் போகும் நாளில் சம்பளம் பிடிக்காத முதலாளி வேண்டும். அதற்கான செலவு ஒரு கடையின் பீட்சா விலைக்குள் அடங்காது. அரசும் வங்கியும் அதில் பங்கு போட்டாக வேண்டும்.