ஜுரி பாஜாவும் ஒரு கிண்ணம் சோறும்

கொல்கத்தாவில் ரவீந்திர சரோவர் ஏரியை ஒரு சுற்று நடந்துவிட்டு, லேக் மார்க்கெட் பக்கம் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார் பக்கத்து வீட்டு மாமா. மண் குவளையில் டீ வந்தது. மாமா வாய் வைக்கவில்லை.

"டாக்டர் எட்டு கிலோ குறைக்கணும்னுட்டார். மாமி முதல் வேலையா ஆலு பாஜாவை, அதான் அந்த உருளைக்கிழங்கு வறுவலை, நிறுத்திட்டா. நாற்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். பருப்பு, சோறு, பக்கத்துல ரெண்டு பிடி ஆலு பாஜா. அது இல்லாம என்ன சாப்பாடு? நீயே சொல்லு."

டீயைக் குடியுங்கள், சொல்கிறேன் என்றேன்.

மாமி மீது தப்பில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டிருப்பது உருளைக்கிழங்கு. அது நிரபராதி, அல்லது பாதிக் குற்றவாளி. நடுத்தர அளவில் ஒரு கிழங்கு 150 கிராம் இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். அவித்துச் சாப்பிட்டால் சுமார் 115 கலோரி. நாம் கோப்பை கோப்பையாகச் சாப்பிடும் சோற்றைவிட எடைக்கு எடை குறைவு.

அதே கிழங்கை விரல் தடிமனுக்கு நறுக்கி, எண்ணெயில் முக்கிப் பொரித்தால் 200 ஆகிறது. கிழங்கு சுருங்கி 65 கிராம் ஆகிவிடும். அதில் 9, 10 கிராம் எண்ணெய். இன்னும் மெல்லிசாக, தீக்குச்சி மாதிரி சீவி ஜுரி பாஜா போட்டால் 260 தாண்டும். ஒரே கிழங்குதான். 17 கிராம் எண்ணெய் உள்ளே போய், ஐம்பது கிராம்கூடத் தேறாத ஒரு பிடி மொறுமொறுப்பாகிவிடுகிறது. எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. வித்தியாசம் முழுக்க அங்கேதான்.

ஏன் மெல்லிசுக்கு மட்டும் இவ்வளவு? எண்ணெய் ஒட்டுவது மேல்பரப்பில். ஒரு சென்டிமீட்டர் தடிமனான துண்டை 2 மில்லிமீட்டர் குச்சிகளாகச் சீவினால், அதே கிழங்குக்கு ஐந்து மடங்கு மேல்பரப்பு. குச்சி மெல்லிசாக ஆக, உள்ளிருக்கும் தண்ணீர் மொத்தமும் ஆவியாகி, அந்தக் காலி இடத்தில் எண்ணெய் குடியேறும். லேக் மார்க்கெட்டில் மார்கழியில் வருகிற புதுக் கிழங்கில் நீர்ச்சத்து அதிகம். அதனால் அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். ருசி என்னவோ அதில்தான். அதை நான் மறுக்கவில்லை.

"அப்ப எண்ணெயில கொதிக்கறச்சே உறிஞ்சிக்கறதா?"

அங்கேதான் வேடிக்கை. எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தால், கொதிக்கும்போது கிழங்குக்குள்ளிருந்து நீராவி வெளியே சீறிக்கொண்டிருக்கும். எதிர்த்து உள்ளே நுழைய எண்ணெய்க்கு வழி இல்லை. பெரும்பகுதி உள்ளே போவது வெளியே எடுத்த பிறகுதான். துண்டு ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும். மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் ஜல்லிக்கரண்டியில் அள்ளியதும், சூடாக இருக்கும்போதே வாணலி மேலேயே நன்றாக உதற வேண்டும்; உடனே தாளில் பரப்ப வேண்டும். குவியலாகக் கொட்டி, பேப்பர் எடுக்கப் போய்த் திரும்பி வந்தால் காரியம் முடிந்திருக்கும்.

மாமா இப்போதுதான் டீயை உறிஞ்சினார்.

இன்னொரு கணக்கு இருக்கிறது, வயிற்றின் கணக்கு. 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசன்னா ஹோல்ட்டும் கூட இருந்தவர்களும் 38 உணவுகளைச் சோதித்தார்கள். ஒவ்வொன்றையும் 240 கலோரி அளவுக்குக் கொடுத்து, இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டால், அவித்த உருளைக்கிழங்குக்கு 323. பட்டியலிலேயே அதுதான் முதலிடம். பொரித்த விரல் துண்டுகளுக்கு 116. ஓர் உணவுக்குப் பதினொன்று முதல் பதின்மூன்று பேர்தான் சாப்பிட்டார்கள் என்பதால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நம் அனுபவமும் அதேதான். அவித்த கிழங்கு இரண்டு சாப்பிட்டால் போதும் போதும் என்றாகிவிடும். ஜுரி பாஜா தட்டில் தீர்ந்த பிறகும் கை தேடும்.

இது வங்காளிகளுக்குத் தெரியாததா? அவர்கள் வீட்டு ஆலு ஷேத்தோ என்ன? அவித்து மசித்த கிழங்கு, பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, மேலே ஒரு ஸ்பூன் பச்சைக் கடுகெண்ணெய். சுடாத கடுகெண்ணெயின் காரம் மூக்கில் ஏறும். ஒரு ஸ்பூனே தட்டு முழுக்கப் பேசும். பொரித்ததில் மூன்று ஸ்பூன் இருந்தாலும் இப்படித் தெரியாது. நம் வீட்டுப் பொடிமாஸும் இதற்குத் தங்கைதான். வாரத்தில் நாலு நாள் இந்த இரண்டில் ஒன்று இருந்தால், மிச்ச நாளில் ஆலு பாஜாவுக்கு இடம் பண்ணலாம்.

"இடம் எங்கேந்து வரும்?"

சோற்றிலிருந்து. இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஆலு பாஜாவைக் கறிகாய் என்று எண்ணி, அதற்கென்றே இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்கிறோம். இரண்டுமே மாவுச்சத்து. வங்காளச் சாப்பாட்டில் கசப்பான ஷுக்தோ முதலில், பிறகுதான் பருப்பும் பாஜாவும் என்று வருகிறது. அந்த ஷுக்தோவில் பாகற்காய், கத்திரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் இருக்கும். அதை இரண்டு ஸ்பூனோடு ஒதுக்கிவிட்டு பாஜாவுக்குத் தாவினால் யார் என்ன செய்வது? ஒரு கிண்ணம், அதாவது 150 கிராம் சோறு, 200 கலோரி. ஒரு கிழங்கில் பொரித்த விரல் துண்டுகளும் 200. நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளலாம். பாஜா உள்ள நாளில் மூன்று கிண்ணச் சோறு இரண்டாகட்டும், பருப்பும் காயும் கூடட்டும். பிரியாணிக்குள்ளேயே உருளைக்கிழங்கைப் புதைக்கிற ஊர் இது. இங்கே இந்தக் கணக்கு தெரியாமல் பிழைக்க முடியாது. (சர்க்கரை இருக்கிறவர்கள் மட்டும் இதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யட்டும்.)

எண்ணெய்க்கும் ஒரு வரம்பு உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் என்று போட்டிருக்கிறார்கள். ஆறு டீஸ்பூன். தாளிப்பு, குழம்பு எல்லாம் சேர்த்து. எடை குறைக்கிறவருக்கு இன்னும் குறையும். ஜுரி பாஜா ஒரு பிடி அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். ஆகவே முக்கிப் பொரிக்காமல், வாணலியில் ஒரு ஆளுக்கு ஒன்றரை டீஸ்பூன் கடுகெண்ணெய், கருஞ்சீரகம், மஞ்சள் போட்டு, தடிமனான துண்டுகளை மூடி வைத்து வேக விட்டு, கடைசியில் திறந்து முறுகவிடலாம். பல வீடுகளில் அன்றாடம் செய்வதும் இப்படித்தான். இதில் ஊற்றியதுதான் உள்ளே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஏர் ஃப்ரையர் இருந்தால் அதுவும் சரி. ஆனால் அதில் வருவது ஆலு பாஜா இல்லை, அதன் ஒன்றுவிட்ட சித்தப்பா.

முக்கிப் பொரித்தே ஆக வேண்டும் என்றால் பொரிப்பதற்கு முன்னும் பின்னும் வாணலியை எண்ணெயோடு தராசில் வைத்துப் பாருங்கள். ஆறிய பிறகு குறைந்திருப்பது பெரும்பாலும் உங்கள் வீட்டார் வயிற்றில்தான் இருக்கிறது.

மாமா மனசுக்குள் கணக்குப் போட்டார். "புதனும் ஞாயிறும். தடிமனா நறுக்கி. சோத்துல ஒரு கிண்ணம் குறைச்சு. மாமி ஒத்துப்பாளா?"

தராசைக் காட்டினால் ஒத்துக்கொள்வாள் என்றேன்.

"சரி. சாயங்காலம் மூரிப் பொரியோட ஆலூர் சாப் சாப்பிடறேனே, அது?"

கிழங்கு மசியல், மேலே கடலை மாவுக் கூடு, அதற்கும் மேலே எண்ணெய். அதற்கு இன்னொரு டீ சொல்லுங்கள், மாமா. இந்தத் தடவை சர்க்கரை இல்லாமல்.