ஆறிய எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும்

தீப்பெட்டி வருவதற்கு முன்பே தென்கிழக்காசிய மக்கள் மூங்கிலிலும் மாட்டுக் கொம்பிலும் செய்த ஒரு சிறு குழாயை வைத்து நெருப்பு உண்டாக்கினார்கள். மலாய்த் தீபகற்பத்திலும் இந்த வழக்கம் இருந்தது. குழாயின் அடிப்பக்கம் மூடியிருக்கும். நுனியில் பஞ்சு வைத்த கோலை அதற்குள் ஒரே அடியில் இறக்கினால், உள்ளே சிக்கிய காற்று நசுங்கிச் சூடேறும், பஞ்சு கனன்றுவிடும். உரசல் வேண்டாம், பொறி வேண்டாம். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சின் இதே இயற்பியலில்தான் ஓடியது. இன்று சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலைகளை ஏற்றி வரும் பழைய பிக்கப்பும் அப்படித்தான் ஓடுகிறது.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்க வேண்டியது இதைத்தான். பெட்ரோல் எஞ்சினுக்குப் பிளக் நெருப்புக் கொடுக்கிறது. டீசலுக்குக் காற்றின் சூடுதான் நெருப்பு. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன் போன்ற வண்டிகளில் பிஸ்டன் காற்றை ஏறத்தாழ 16 முதல் 21 மடங்கு வரை நசுக்குகிறது. அப்போது காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 250 டிகிரிக்குள்ளேயே தானாகத் தீப்பிடிக்கக்கூடிய டீசல், அந்தக் காற்றில் தூவப்பட்டதும் எரிகிறது. சிலிண்டர் சுவரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்து காற்று கசிந்தால், அழுத்தம் குறையும், சூடு குறையும், நெருப்பும் தடுமாறும். ஓடிச் சூடான எஞ்சின் இந்தத் தேய்மானத்தை மறைத்துவிடும், ஆறிய எஞ்சினால் மறைக்க முடியாது.

ஆகவே வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். ‘ஸ்டார்ட் பண்ணாம வைங்க’ என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் போனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதே நல்லது. பனி பெய்யும் நாடுகளில் டீசல் தயங்குவதற்குக் காரணம் உண்டு. விடியற்காலையிலும் வெதுவெதுப்பான ஈப்போவில் எஞ்சின் நீண்ட நேரம் முக்கி முனகினால், சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக், டீசல் தூவும் இன்ஜெக்டர், அழுத்தம் என்று எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது. கோளாறு அழுத்தத்தில்தானா என்று பட்டறையில் கம்ப்ரெஷன் சோதனை சொல்லிவிடும். அதற்கு ஆகும் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

பிறகு புகை. முடுக்கும்போது ஒரு கணம் கரும்புகை வருவது பழைய வண்டியில் பெரிய குற்றமில்லை. விடாமல் வந்தால் காற்று குறைவு அல்லது டீசல் மிகுதி. வெள்ளைப் புகை எரியாத டீசலாக இருக்கலாம், ரேடியேட்டர் தண்ணீராகவும் இருக்கலாம். நீலப்புகையைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன், அது எஞ்சின் ஆயில் எரிவது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். ஆவி பீறிட்டுக்கொண்டு வந்தால், மேலே வேலை செய்ய வேண்டிய அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

பேராக்கில் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: இந்த வண்டி என்ன சுமந்தது? 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து தொடங்கிய பால்மர வரலாறு இந்த மாநிலத்துடையது. மரத்திலிருந்து இறக்கிய பால் உறையாதிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். உறைய வைக்க ஃபார்மிக் அமிலம். உறைந்த கட்டிகளை ஏற்றும்போது அவற்றிலிருந்து வடியும் புளித்த நீர் பின்தட்டின் இடுக்குகளில் இறங்கி இரும்பை அரிக்கும். அம்மோனியாவோ செம்பையும் பித்தளையையும் தாக்கும். வயர் இணைப்புகள் பச்சை பூத்துக் கிடக்கும். மேலே புதுப் பெயிண்ட் பளபளக்கலாம். கீழே படுத்து, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் சேசிஸோடு சேரும் இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே துருதான்.

தோட்டத்துச் செம்மண் தூசும் எமன். அதில் கலந்திருக்கும் நுண்மணல், காற்று வடிகட்டி சரியில்லாத வண்டியில் நேராக டர்போவுக்குப் போகும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரம் அது.

பால்மரத்தைப் பிடுங்கிய இடங்களில் நட்ட செம்பனை இப்போது டேங்கிலும் இருக்கிறது. 2019 முதல் மலேசியாவில் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு பாமாயில் எரிபொருள். கந்தகம் நீக்கிய டீசலில் குறைந்துபோகும் வழுவழுப்பை இது ஈடுசெய்கிறது, பம்புக்கு நல்லது. ஆனால் சாதாரண டீசலைவிட இது அதிக ஈரத்தை ஏற்கும். பழைய டேங்கில் படிந்த கசடையும் கரைத்துக் கிளப்பி டீசல் வடிகட்டியை அடைக்கும். இயற்கை ரப்பர் இதில் உப்பி மென்மையாகிவிடும். பழைய வகை நைட்ரைல் ரப்பர் குழாய்களும் நாளடைவில் கெடும். வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி என்றால், வடிகட்டியின் அடியில் தேங்கிய நீரைக் கண்ணெதிரே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். 1,000 பாருக்கு மேல் அழுத்தத்தில் டீசல் தூவும் காமன்-ரெயில் இன்ஜெக்டருக்கு அந்தத் தண்ணீர் நஞ்சு.

புஸ்பகோம் சோதனை வண்டியின் அடையாளத்தையும் பாதுகாப்பையும் புகையையும் பார்க்கும். ரிங்கின் தேய்மானத்தை அளக்காது. எண்ணெய்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள்: தீபகற்பத்தில் லிட்டர் 2 ரிங்கிட் 15 சென்னாக இருந்த டீசல், 2024 ஜூன் 10 அன்று 3 ரிங்கிட் 35 சென் ஆனது, அதன் பிறகு உலகச் சந்தையோடு ஏறி இறங்குகிறது.

கடைசியாக டைமிங் பெல்ட். 2005இல் வந்த ஹைலக்ஸின் 2.5 லிட்டர் எஞ்சினில் அதை 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அந்த ஒரு நொடியில் எஞ்சின் போய்விடும். பெல்ட்டை மாற்ற நினைவூட்டும் விளக்கை யார் வேண்டுமானாலும் அணைத்துவிடலாம், அதனால் விளக்கை நம்பாதீர்கள். மாற்றிய பில் கையில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.