லீவு யார் கொடுத்தது?

சிவகாசியில் புத்தாண்டு பிறப்பது ஆடி மாதத்தில். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, வரப்போகும் ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது அங்குள்ள அச்சகங்களின் வழக்கம். சாமி படம், தலைவர் படம், இயற்கைக் காட்சி, கீழே கடைப் பெயர் போட இடம் என்று எல்லாம் தயாராகிவிடும். ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் ஆகியவற்றைப் பஞ்சாங்கக்காரர்கள் முன்பே கணித்துக் கொடுத்திருப்பார்கள். கோள்கள் யாரையும் காக்க வைப்பதில்லை. காக்க வைப்பது சென்னைத் தலைமைச் செயலகம்தான். அரசு விடுமுறைப் பட்டியல் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் வாக்கில்தான் வெளிவரும். அது வந்த பிறகுதான் எந்தெந்தத் தேதியைச் சிவப்பில் அடிப்பது என்பது உறுதியாகும்.

அந்தச் சிவப்புத் தேதிகளைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் கவனத்தோடு வேறு யாரும் படிப்பதில்லை. 2025-ம் ஆண்டுக்குத் தமிழக அரசு அறிவித்தவை 24. கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது. விரல் விட்டு எண்ணும்போது கரையத் தொடங்குகிறது. குடியரசு தினம், தெலுங்கு வருடப் பிறப்பு, மொகரம் மூன்றும் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தன. பக்ரீத்தும் கிருஷ்ண ஜெயந்தியும் சனிக்கிழமை. காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் அக்டோபர் 2-ஐப் பங்கு போட்டுக்கொண்டன. ஏப்ரல் 1 வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிப்பதற்கானது. பள்ளிக்கூடத்துக்கு அதில் பங்கில்லை. மே தினமோ எப்போதும்போலக் கோடை விடுமுறைக்குள் போய் மறைந்துவிட்டது. இந்தியாவிலேயே முதன்முதலாக 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரின் ஊரில், அந்த நாளால் மாணவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

சரி, இந்த நாள்களில் பள்ளியை மூடச் சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? கல்விச் சட்டத்திலிருந்து அல்ல. 1881-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த செலாவணி முறிச் சட்டத்திலிருந்து வருகிறது. காசோலை, உண்டியல், கடனுறுதிச் சீட்டு இவற்றைப் பற்றிய சட்டம் அது. ஒரு சீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தவணை நாள் பொது விடுமுறையில் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதன் 25-வது பிரிவு விடை சொல்கிறது: அதற்கு முந்தைய வேலைநாளே தவணை நாள். இதைச் சொல்ல வேண்டுமானால் பொது விடுமுறை என்பது எது என்றும் சொல்லியாக வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமைகளும், அரசிதழில் அரசு அறிவிக்கும் பிற நாள்களும் என்று அந்தப் பிரிவே விளக்கமும் தந்தது. அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடமிருந்து பின்னர் மாநிலங்களின் கைக்கு வந்தது. வட்டிக்கு விட்டவருக்கும் வாங்கியவருக்கும் இடையே வழக்கு வராமலிருக்க எழுதிய ஒரு விதியின் நிழலில்தான் ஆறாம் வகுப்புப் பையன் விநாயகர் சதுர்த்தியன்று வீட்டில் கொழுக்கட்டை சாப்பிடுகிறான்.

சட்டம் அதிகாரத்தைத்தான் தருகிறது. எந்த நாள் என்பதைத் தீர்மானிப்பது ஊரும் அரசியலும். பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தால், யார் யார் எப்போது கேட்டுப் பெற்றார்கள் என்ற வரலாறு தெரியும். தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு யுகாதி உண்டு; எண்ணிக்கையில் சிறிய சமணர்களுக்கு மகாவீரர் ஜெயந்தி உண்டு. ஆனால் பழநிக்குப் பாதயாத்திரை போகும் இத்தனை லட்சம் பேருக்கான தைப்பூசம் 2021 வரை பட்டியலில் இல்லை. சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தபோது, அந்த ஜனவரியில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி அதைப் பொது விடுமுறையாக அறிவித்தார். இதற்கு நேரெதிராக நடந்த கதை சிங்கப்பூரில் உண்டு. அங்கே தைப்பூசம் முதலில் பொது விடுமுறையாகவே இருந்தது. வேலைநாள்களைக் கூட்ட வேண்டும் என்று 1968-ல் அரசு விடுமுறைகளைக் குறைத்தபோது ஒவ்வொரு சமயத்தாரும் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. இந்துக்களுக்குத் தீபாவளி நின்றது, தைப்பூசம் போனது. திரும்பக் கொடுங்கள் என்ற குரல் இன்றும் அவ்வப்போது எழுகிறது.

ஏப்ரல் 14-ன் கதை இன்னும் சுவையானது. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-ல் கருணாநிதி அரசு சட்டம் இயற்றியது. 2011-ல் ஜெயலலிதா அரசு அதை நீக்கிச் சித்திரைக்கே திருப்பியது. இந்த இழுபறிக்கு நடுவிலும் ஏப்ரல் 14 அன்று பள்ளிக் கதவு திறக்கவில்லை. அது அம்பேத்கர் பிறந்த நாளும் ஆயிற்றே. வீடுகளில் மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூ ரசமும் எந்த அரசாணைக்கும் காத்திருக்கவில்லை. பொங்கலுக்கு மறுநாளும் இப்படித்தான். பட்டியலில் அது திருவள்ளுவர் தினம், அதற்கடுத்தது உழவர் திருநாள். மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிக்கும் வீட்டிலும், மறுநாள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மெரினாவுக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கிளம்பும் வீட்டிலும் அவை மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும்தான். அன்றைக்கு மெரினாவில் போலீஸார் குழந்தைகளின் கையில் பெற்றோரின் செல்போன் எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். கடலில் இறங்கவிடாமல் தடுப்பும் போடுகிறார்கள்.

மாநிலப் பட்டியலைவிட ருசியானது மாவட்டப் பட்டியல். திருவாரூரில் ஆழித்தேர் ஓடும் நாள், நாகூர் கந்தூரி, ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி, தஞ்சையில் ராஜராஜ சோழனின் சதய விழா, தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா, சங்கரன்கோவிலில் ஆடித்தபசு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர்: இவற்றுக்கெல்லாம் அந்தந்த மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். கன்னியாகுமரி மாவட்டத்தை இதில் யாரும் எளிதில் முந்த முடியாது. மண்டைக்காடு பகவதியம்மன் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, அய்யா வைகுண்டர் அவதார தினம், ஓணம் என்று நீளும் வரிசையில் நவம்பர் 1-ம் உண்டு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் 1956-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த நாள் அது. மற்ற மாவட்டப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கும் மொழிவழி மாநிலப் பிரிப்பை, குமரிப் பிள்ளைகள் வீட்டில் தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நாள் கிடைக்கிறது.

ஆட்சியரின் அறிவிப்பில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: இந்த நாள் செலாவணி முறிச் சட்டத்தின்படி பொது விடுமுறை அல்ல, எனவே கருவூலங்கள் குறைந்த பணியாளர்களுடன் இயங்கும் என்று. அதாவது தேர் ஓடும், பள்ளி மூடும், கடனுறுதிச் சீட்டின் தவணை மட்டும் அசையாது. அடுத்த வரி மாணவர்களுக்குப் பிடிக்காதது. இதற்கு ஈடாக இன்ன சனிக்கிழமை வேலைநாள். பக்தி ஒன்று மட்டுமே உள்ளூர் விடுமுறைக்குக் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். தேர் வரும் வீதியில் பள்ளி வாகனம் நுழைய முடியாது. பேருந்துகள் ஊருக்கு வெளியே நிறுத்தப்படும். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தின்போது, பாதுகாப்புக்கு வெளியூரிலிருந்து வரும் போலீஸார் தங்குவதற்கே பள்ளிக் கட்டடங்கள் தேவைப்படுகின்றன.

விடுமுறை என்று பெயர் இருந்தும் பள்ளிக்குப் போக வேண்டிய நாள்கள் இரண்டு: ஜனவரி 26, ஆகஸ்ட் 15. சலவைச் சீருடை, கொடியேற்றம், பேச்சுப் போட்டி, கடைசியில் கையில் ஒரு மிட்டாய். 1974-க்கு முன்பு சுதந்திர தினத்திலும் கோட்டையில் கொடியேற்றியவர் ஆளுநர்தான். முதல்வர்களுக்கு அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றவர் கருணாநிதி. கிராமங்களில் இந்த இரு நாள்களோடு மே 1, அக்டோபர் 2 ஆகிய நாள்களிலும் கிராம சபை கூடும். பள்ளிக்கூட மரத்தடியில் காலையில் மிட்டாய் வாங்கிய பிள்ளை, முற்பகலில் அதே மரத்தடியில் குடிநீர்க் குழாய்க்காகத் தன் அம்மா கேள்வி கேட்பதைப் பார்க்கலாம்.

இன்னொரு வகை நாளும் உண்டு. ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள். ஊர் ஊராகப் பள்ளி திறந்து மதிய உணவும் போட்டவரின் பிறந்த நாளுக்குப் பள்ளியை மூடுவது பொருத்தமாக இருக்காதல்லவா. 2006-ல் அதைக் கல்வி வளர்ச்சி நாள் என்று சட்டமாக்கியபோது, பள்ளியிலேயே விழா எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் தலைவர்களின் பிறந்த நாள், நினைவு நாள் விடுமுறைகள் 15-ஐ 2017-ல் யோகி ஆதித்யநாத் அரசு ரத்து செய்தபோது சொன்ன காரணமும் ஏறத்தாழ இதுதான்: பிள்ளை பள்ளிக்கு வந்து அந்தத் தலைவரைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும். வாதத்தில் நியாயம் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள், எட்டாம் வகுப்பு வரை 220 என்று கேட்கிறது. ஆனால் எந்தத் தலைவருக்கு விடுமுறை, யாருக்கு வெறும் விழா என்பதை மனிதர்கள் மரியாதைக் கணக்காகவே பார்க்கிறார்கள். வேலைநாள் கணக்கு அங்கே எடுபடாது.

வீட்டுக்குள் வந்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நடைமுறை. சரஸ்வதி பூஜையைப் போல மாணவருக்கு உகந்த நாள் வேறில்லை. அன்றைக்குப் படிப்பதே கூடாது. புத்தகங்கள் சந்தனம் குங்குமத்தோடு சாமிக்கு முன்னால் அடுக்கியிருக்கும். எந்தப் புத்தகத்தைக் கண்டால் பயமோ அதுதான் அடுக்கில் முதலில் போய்ச் சேரும். தெருவில் ஆட்டோ ஸ்டாண்டும் பட்டறையும் பொரி, கடலை, பூசணிக்காயோடு தங்கள் பூஜையை நடத்தும். மறுநாள் விஜயதசமியில் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளைத் தாம்பாளத்து நெல்லில் ‘அ’ எழுத வைப்பார்கள். திருவாரூர் மாவட்டத்துக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் அதற்காகவே கூட்டம் நெரியும். அன்று சேர்த்தால் படிப்பு வரும் என்ற நம்பிக்கையை மதித்து, விடுமுறை நாளிலும் அரசுத் தொடக்கப் பள்ளிகளைத் திறந்து மாணவர் சேர்க்கை நடத்தச் சொல்லிக் கல்வித் துறை சில ஆண்டுகளில் உத்தரவிட்டிருக்கிறது. அரசும் குடும்பமும் அப்படி ஒரே திசையில் யோசிப்பது அபூர்வம்.

ரம்ஜான் மட்டும் காலண்டருக்கு அடங்காது. பட்டியலில் தேதி இருந்தாலும் பிறை தெரிந்து தலைமை காஜி அறிவித்தால்தான் பெருநாள். முந்தைய மாலை வரை பிள்ளைகளுக்கு நாளைக்குப் பள்ளி உண்டா இல்லையா என்பது வானத்தில்தான் இருக்கும். உறுதியானதும் தையல் கடையில் சட்டை வாங்க ஓட்டம். காலைத் தொழுகைக்கு முன்பே ஏழைகளுக்கு ஃபித்ரா கொடுத்தாக வேண்டும். மதியம் பக்கத்து வீடுகளுக்குப் பிரியாணி போகும். பெரிய வெள்ளி இதற்கு மறுபுறம். அது வாழ்த்துச் சொல்லக் கூடாத விடுமுறை. உபவாசம், சிலுவைப் பாதை, நண்பகலில் தொடங்கி மூன்று மணி வரை ஆராதனை. விவரம் தெரியாமல் செல்போனில் வாழ்த்து அனுப்பிவிட்டு அசடு வழிகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

பள்ளிக்கு விடுமுறை என்றால் வீட்டில் எல்லாருக்கும் விடுமுறை என்பது அரசு ஊழியர் வீட்டு நியாயம். தனியார் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் பொருந்துவது 1958-ம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். அது கட்டாயமாக்குவது ஆண்டுக்கு 9 நாள்களை மட்டுமே: குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கும், வேறு ஐந்து நாள்களும். அந்த நாளிலும் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை தர வேண்டும். பட்டியலில் 24, அப்பா வேலை செய்யும் மில்லில் 9. இடைப்பட்ட நாள்களில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, செல்போன் என்று வீட்டுக்கு வீடு ஒரு விடை. ஜவுளிக் கடையில் நிற்கும் பெண்ணுக்கோ ஊரே லீவு விட்ட நாளில்தான் கால் வலி அதிகம். சோற்றுக் கணக்கும் இருக்கிறது. 2013-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மதிய உணவை உரிமையாக்கும்போதே, பள்ளி விடுமுறை நாள்கள் நீங்கலாக என்று சேர்த்தே எழுதியிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் இப்போது காலைச் சிற்றுண்டியும் உண்டு என்பதால், ஒரு லீவு நாள் சில வீடுகளுக்கு இரண்டு வேளைச் செலவு.

தீபாவளியில் இந்தக் கணக்குகள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. அரசுப் பட்டியலில் அது ஒரே ஒரு நாள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் போனஸ் பட்டுவாடா ஆனதும் ஊழியர்கள் மதுரைக்கும் நெல்லைக்கும் ஒடிசாவுக்கும் கிளம்பிவிடுவார்கள். பல கம்பெனிகள் ஒரு வாரம் போலத் திறப்பதில்லை. சென்னையில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் இரண்டு நாளுக்கு முன்பிருந்தே நிரம்பி வழியும். ரயிலில் இடம் வேண்டுமானால் 60 நாளுக்கு முன் காலை எட்டு மணிக்கே முன்பதிவில் மோதியிருக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு ஊருக்குப் போகிறவர், காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்ற அனுமதிக்குள் பட்டாசு வெடித்துவிட்டு அன்றிரவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாரா? ஏறமாட்டார். மறுநாள் பள்ளி திறந்தாலும் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகவே இருக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் 2021 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு மறுநாளையும் தமிழக அரசு விடுமுறையாக்கி, ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக வைத்தது. 2024-ல் தீபாவளி வியாழக்கிழமை. நவம்பர் 1 வெள்ளிக்கிழமையும் விடுமுறையானதில் நான்கு நாள் சேர்ந்து கிடைத்தது. அதற்கு ஈடான நவம்பர் 9 சனிக்கிழமையன்று பிள்ளைகள் மிச்சமிருந்த முறுக்கை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள்.