வழிகாட்டியின்றிப் பனிமலை ஏறல்

மலையில்லா ஓமந்தையில் யாம் அறிந்தது காடு. அதனுட் புதிதாய்ப் புகுவோன் கொப்பொடித்துக் குறிவைத்துச் செல்வான். பனிமலையிலோ வைத்த குறியையும் பனி மூடிவிடும்.

ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைத்தொடரில், 4,800 மீற்றர் உயர்ந்த மொன் பிளாங் சிகரத்தை 1855 இல் சாள்ஸ் ஹட்சன், கெனடி முதலிய ஆங்கிலேயர் வழிகாட்டியின்றி ஏறினர். வழிகாட்டி அறிவனவற்றைத் தாமே அறிந்திருத்தல் அவர்க்கு வேண்டியதாயிற்று. பனியாற்றின் ஆழ்ந்த வெடிப்புக்களைப் பனி பாலம்போல் மூடிக்கிடக்கும். இரவுக் குளிரில் இறுகும் அப்பாலம் வெயிலேற இளகும். ஆதலின் இருளிலேயே புறப்படல் வேண்டும். ஒருவர் வீழின் மற்றையோர் தாங்குமாறு கயிற்றாற் பிணைந்து நடத்தல் வேண்டும். முகில் சூழ்ந்தால் திரும்பல் வேண்டும். எமக்கு இதுவே அரிதெனத் தோன்றுகின்றது. "திரும்பு" எனச் சொல்ல அங்கே வேறொருவரில்லை.

அந்த ஹட்சன் 1865 இல் மற்றர்ஹோர்ன் சிகரத்தை முதன்முதல் எய்திய எழுவருள் ஒருவர். இறங்கும்போது நால்வர் வீழ்ந்து மாண்டனர். ஹட்சனும் அவருள் ஒருவர். அந்நால்வருள் மற்றொருவர் வழிகாட்டி.