‘சம்பளம் எவ்வளவு தம்பி?’... கட்!

நண்பர் ஒருவர். வயது 31. பெயர் வேண்டாம், இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

தாம்பரத்தில் பீச் ரயில் ஏறினார். கிண்டி தாண்டியதும் போன். பெண்ணின் அப்பா. “தம்பி, நேராவே கேட்டுடறேன். பிடித்தம் எல்லாம் போக கைக்கு எவ்வளவு வரும்?” நண்பர் வாயைத் திறந்தார். கட்!

திரும்பத் திரும்ப அடித்தார். மாம்பலத்தில்தான் லைன் கிடைத்தது. அந்தப் பக்கம் குரலே மாறியிருந்தது. “சொல்லப் பிடிக்கலேன்னா சொல்லியிருக்கலாமே. பாதியில போனை வெச்சா எப்படி?” சம்பந்தம் அதோடு சரி.

நண்பர் போனை வைக்கவில்லை சார்! டவரும் டவரும் கை மாற்றிக்கொள்கிற இடத்தில் நழுவியிருக்கும்.

ஊரைச் சின்னச் சின்ன வட்டாரமாகப் பிரித்து, ஆளுக்கொரு டவர் கொடுப்பது 1947லேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உதித்த யோசனை. அந்த வட்டாரம்தான் ‘செல்’. பேசிக்கொண்டே நீங்கள் செல் தாண்டினால், ஒரு டவர் உங்களை அடுத்த டவரிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்குப் பெயர் ஹேண்டாஃப். பெல் ஆய்வுக்கூடத்தின் ஏமஸ் ஜோயல் இதற்கான முறைக்கு 1972ல் பேட்டன்ட் வாங்கினார்.

நெரிசல் பஸ்ஸில் ‘டிக்கெட் பாஸ் பண்ணுங்க’ என்று காசு கை மாறிப் போகிறதே, அதே கதைதான். அடுத்த கை நீண்டால் காசு போய்ச் சேரும். நீளாவிட்டால் கீழே!

எப்போது கை மாற்றுவது? ஜி.எஸ்.எம். போன், பேச்சு நடக்கும்போதே அக்கம்பக்கத்து டவர்களின் சிக்னலை அளந்து, ஏறக்குறைய அரை விநாடிக்கொரு முறை ரிப்போர்ட் அனுப்பும். கொஞ்சம் பலம் கூடினதுமே மாற்றினால், இரண்டு டவருக்கும் நடுவில் பிங்பாங் பந்தாட்டம். ரொம்ப யோசித்தால், அதற்குள் ரயில் தாண்டிவிடும், லைன் போச்சு.

இன்னொரு வில்லன், அடுத்த டவரில் இடமில்லாதது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ‘அடுத்த பந்தியில உட்காருங்க’ என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். சாம்பார் சாதத்தில் இருப்பவரை எழுப்பினால்? ரகளைதான்! அதனால்தான் பாதிப் பேச்சில் வருகிறவர்களுக்காகச் சில இலைகளைக் காலியாக வைக்கும் முறை உண்டு. ஆனால் காலி இலையால் கம்பெனிக்கு வருமானம் இல்லையே!

அறுந்த அழைப்பு ஒன்றுக்கு ஒரு ரூபாய், நாளைக்கு அதிகபட்சம் 3 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று 2015ல் டிராய் உத்தரவு போட்டது. 2016 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது.

பி.காம். படித்த எனக்கு உறுத்தியது வேறு கணக்கு. நூற்றுக்கு 2 அழைப்புக்கு மேல் அறுபடக் கூடாது என்பது விதி. முன்பு தமிழ்நாடு மாதிரி ஒரு சர்க்கிளுக்கே ஒரே சராசரி. தொண்ணூறு டவர் ஒழுங்காக இருந்தால் பத்து டவரின் பாவம் மறைந்துவிடும். சராசரி ஆழம் நாலடி என்று ஆற்றில் இறங்கி முழுகினவன் கதை! 2017ல்தான் டிராய், டவர் டவராகக் கணக்குப் பார்க்கும் முறைக்கு மாறியது. ஆகவே புகார் செய்யும்போது ‘அடிக்கடி கட் ஆகுது’ என்று பொதுவாகப் புலம்பாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி என்று சொல்லுங்கள்.

நண்பர் இப்போது உஷார். முக்கியமான போன் வந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில் நகராமல் நின்று பேசுகிறார். ரயில் போனால் பத்து நிமிஷத்தில் அடுத்தது வரும். மாமனார் வருவாரா?