குற்றவாளி ராமா, மதர்போர்டா?

2008-ல் ரெடிமேட் லேப்டாப் வேண்டாம் என்று 'பேர்போன்' லேப்டாப் ஒன்றை வாங்கினேன். திரை, மதர்போர்டு, கீபோர்டு மட்டும் அதில் இருக்கும். பிராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க்கை நாம் விருப்பம்போல் வாங்கிப் பொருத்தலாம். அதற்காக சென்னை ரிச்சி தெருவில் பாதி நாள் அலைந்தேன். பெருமை மூன்று மாதம்தான் நீடித்தது!

முதலில் நீலத்திரை வந்தது. வைரஸ் என்று நினைத்து எக்ஸ்பியை மீண்டும் நிறுவினேன். பிறகு ஹார்ட் டிஸ்க்கை மாற்றினேன். மறு வாரமே மீண்டும் நீலத்திரை. லேப்டாப் விற்றவர் "ராம் கோளாறு சார்" என்றார். ராம் விற்றவர் "போர்டு கோளாறு சார்" என்றார். தனித்தனியாக வாங்கினால் வாரண்டியும் தனித்தனிதான் என்பது அன்றுதான் உறைத்தது.

கடைசியில் மெம்டெஸ்ட்86+ சிடியில் பூட் செய்து இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரை நிறையச் சிவப்பு வரிகள். இப்படி வந்தால் உடனே புது ராம் வாங்க ஓடாதீர்கள். என்னிடம் 1 ஜிபி ராம் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றையும் தனியாக இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிச் சோதித்தேன். எதைப் போட்டாலும் இரண்டாவது ஸ்லாட்டில் மட்டுமே பிழை. ஆக, குற்றவாளி மதர்போர்டு! இதைக் காகிதத்தில் எழுதி நீட்டிய பிறகே போர்டை மாற்றித் தந்தார்கள். (இன்று பல மெல்லிய லேப்டாப்களில் ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருப்பதால் இந்த இடமாற்றுச் சோதனை முடியாது.)

அதற்குள் ஒரு நஷ்டம். காப்பி செய்யும் பைல்கள் ராம் வழியாகத்தான் போகின்றன. அங்கே ஒரு பிட் மாறினாலும் விண்டோஸ் வாய் திறக்காது. டிஸ்க் மாற்றியபோது தங்கையின் திருமணப் படங்களைக் காப்பி செய்துவிட்டு அசலை அழித்திருந்தேன். திறந்து பார்த்தால் பல படங்களில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். நான் எழுதி வைத்த டிவிடியிலும் அதே கதி. சித்தப்பா தன் கேமராவில் எடுத்தவற்றைத் தனியாக சிடியில் வைத்திருந்ததால் கொஞ்சம் தப்பித்தோம். தாலி கட்டும் படம் மட்டும் இன்றும் பாதிதான்.