பச்சோந்தியும் பருவமும்

நிலையில்லா மனமுடையவனைப் பச்சோந்தி என்று பழித்துரைப்பது நம் வழக்கம். உண்மையிலோ, அவ்வுயிர் தன் இயல்பிலிருந்து எளிதில் மாறாதது. அது நிறம் மாறுவது பெரும்பாலும் சூழ்ந்துள்ள இலையின் வண்ணத்தைப் பார்த்தன்று. வெப்பம், அச்சம், சினம், இணைவிழைவு ஆகியவற்றாலேதான். தனக்குரிய மழையும் குளிரும் பருவமும் தவறினால் அது வாடி மடியும். அரிய பச்சோந்திகளைக் கூண்டில் வளர்த்து இனம் பெருக்க முயன்றோர் இதனை எவ்வாறு கற்றனர் என்பதையே இன்று நான் உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

உலகில் 200-க்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறையப் பாதி, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. அத்தீவின் கிழக்கு மழைக்காடுகளுக்கு உரியது பார்சன் பச்சோந்தி. பிரெஞ்சு அறிஞர் குவியே 1824-இல் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். வளர்ந்த ஆண், வாலையும் சேர்த்து 60 சென்டிமீட்டரையும் எட்டும்.

இத்தகைய அழகிய பிராணிக்கு அயல்நாடுகளில் விலை மிகுந்ததில் வியப்பில்லை. காட்டில் பிடித்துப் பெட்டிகளில் அடைத்து அனுப்பப்பட்டவற்றுள் பல, நீரிழப்பாலும் ஒட்டுண்ணிகளாலும் மிரட்சியாலும் மாண்டன. 1977-இல் பச்சோந்திகளின் பன்னாட்டு வாணிபம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1995-இல் மடகாஸ்கரிலிருந்து நான்கு இனங்கள் நீங்கலாக ஏனைய பச்சோந்திகளின் ஏற்றுமதி நிறுத்திவைக்கப்பட்டது. எனவே, கூண்டிலேயே இனம் பெருக்கும் கலைக்குத் தேவை மிகுந்தது.

கூண்டு எப்படியிருத்தல் வேண்டும்? கண்ணாடிப் பெட்டியைவிட, காற்று ஊடாடும் வலைக்கூண்டே பல இனங்களுக்கு ஏற்றது. கிண்ணத்தில் அசையாது நிற்கும் நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் நாடுவதில்லை. இலைமேல் உருளும் துளிகளையே அது பருகும். ஆதலின் நாள்தோறும் பனித்துளிபோல் நீர் தெளித்தல் வேண்டும். புற ஊதாக் கதிர் வீசும் விளக்கு இன்றியமையாதது. அக்கதிரின்றி உடலில் வைட்டமின் டி போதிய அளவு உண்டாகாது, அஃதின்றேல் உண்ட சுண்ணாம்புச் சத்து எலும்பிற் சேராது, கால்கள் வளைந்துவிடும். உணவாக இடும் வெட்டுக்கிளி, சுவர்க்கோழிப் பூச்சி ஆகியவற்றின்மீது சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவுவதும் இதன்பொருட்டே. மேலும், பச்சோந்தி தனிமை விரும்பி. இரண்டை ஒரே கூண்டில் அடைத்தால், சண்டையில்லாவிடினும், ஒன்றையொன்று கண்ட மிரட்சியிலேயே நலிந்துபோகும்.

இவையனைத்தும் முயன்றால் கைகூடும். கடினமானது முட்டையைப் பேணுதலே. பார்சன் பச்சோந்தி ஒரு முறைக்கு 50 வரை முட்டையிடும். அவை பொரிக்க 12 முதல் 24 மாதங்கள் ஆகும்! கோழி முட்டைக்கு 21 நாள் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தாமதத்தின் காரணம் யாது? முட்டைக்குள் கரு தொடக்க நிலையிலேயே வளர்ச்சியை நிறுத்தி உறங்குகிறது. மடகாஸ்கரின் குளிர்காலம் வந்து, பின் வெப்பம் திரும்பினாலன்றி அவ்வுறக்கம் செவ்வனே கலையாது. ஆகவே வளர்ப்போர், ஈரங்காக்கும் வெர்மிகுலைட் கனிமத்துகளில் முட்டைகளைப் புதைத்து, சில திங்கள் வெம்மையாகவும், சில திங்கள் குளிர்ச்சியாகவும், மீண்டும் வெம்மையாகவும் வைக்கின்றனர். முட்டையைப் புரட்டுதலும் கூடாது. காட்டின் ஆண்டுச் சுழற்சி முழுவதையும் ஒரு சிறு பெட்டிக்குள் நடத்திக் காட்ட வேண்டியிருக்கிறது. இவ்வகையில் 2024-இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிச்சாலையில், ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்து, பார்சன் குஞ்சுகள் பொரிக்கப்பட்டன.

பருவத்தின் ஆட்சிக்கு மற்றுமோர் சான்று, தீவின் தென்மேற்கு வறண்ட காடுகளில் வாழும் லபோர்டு பச்சோந்தி. இது எட்டு, ஒன்பது மாதங்கள் முட்டைக்குள்ளேயே கழிக்கிறது. நவம்பர் மழையோடு வெளிவந்து, வளர்ந்து, இணைந்து, முட்டையிட்டு, நான்கைந்து மாதங்களில் மடிகிறது. அதன்பின் சில மாதங்களுக்கு அவ்வினம் முழுவதும் மண்ணுக்குள் முட்டையாகவே வாழ்கிறது! 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் இவ்வியப்பை வெளியிட்டனர்.

மாணவ நண்பர்களே! இதிலிருந்து நாம் உணர வேண்டுவது யாது? பச்சோந்தியைக் காப்பது என்பது அதன் பருவத்தைக் காப்பதாகும். பருவம் காட்டோடு பிணைந்தது. மடகாஸ்கரில் 1953-க்கும் 2014-க்கும் இடையே இயற்கைக் காட்டில் ஏறத்தாழ 44 விழுக்காடு அழிந்தது. மரங்களை வெட்டி எரித்து நெல் விளைக்கும் 'தாவி' என்னும் முறை அதற்கு ஒரு பெருங்காரணம். ஆயின் அது வறிய உழவரின் உணவு என்பதையும் மறத்தலாகாது. கூண்டில் பிறக்கும் குஞ்சுகள் காட்டிலிருந்து பிடிக்கும் தேவையைக் குறைக்கலாம். அழிவின் விளிம்பில் கால அவகாசமும் தரலாம். ஆயினும் காடு அழிந்தபின், அக்குஞ்சுகளுக்குத் திரும்பிச் செல்ல இடமேது?

நம் ஊர்ப் புதர்களிலும் பச்சோந்தி உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவலாக உள்ளது. அதனைப் பிடித்தலும் வளர்த்தலும் குற்றம். கண்டால் தொடாது நின்று நோக்குங்கள். ஒரு கண் முன்னும் மறு கண் பின்னுமாகச் சுழல, அது நிதானமாக அடியெடுத்து வைக்கும் காட்சியே நல்லதொரு பாடமாகும்.